மிஸ்ஸி, படபடன்னு வருது

எங்கள் பாட்டியைப் பொறுத்தவரை, மருத்துவமனையில் சீருடை அணிந்து நடமாடும் பெண்கள் அனைவருமே ‘மிஸ்ஸி’தான். பெரிய தாதி, சின்னத் தாதி, பயிற்சித் தாதி என்ற வேறுபாடெல்லாம் அவருக்குக் கிடையாது. நான் பல்கலைக்கழகத்தில் தாதியர் பட்டப்படிப்பில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் உள்ள அத்தனை பேரிடமும் “எம் பேத்தி மிஸ்ஸி ஆயிட்டா” என்று சொல்லி முடித்துவிட்டார். உண்மையில் நான் இன்னும் ஆகவில்லை. இந்த வரிகளை எழுதிக்கொண்டிருக்கும் இந்த நிமிடம்வரை ஆகவில்லை.

காரணம் ஒரு தேர்வு. பட்டம் வேறு, பதிவு வேறு என்பது எங்கள் துறைக்கு வெளியே பலருக்குத் தெரிவதில்லை. நான்கு ஆண்டுகள் படித்துப் பல்கலைக்கழகப் பட்டத்தை வாங்கிவிட்டாலும், மலேசியத் தாதியர் வாரியம் நடத்தும் தேர்வில் தேர்ச்சி பெற்று, 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தின்கீழ் பெயரைப் பதிந்துகொண்டால்தான் நோயாளியின் அருகே தாதியாக நிற்க முடியும். அதன்பிறகும் ஒவ்வோர் ஆண்டும் தொழில் புரிவதற்கான சான்றிதழைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். தேர்வில் தவறினால் கையில் பட்டம் இருக்கும், வேலை இருக்காது. பி.டி.பி.டி.என். கடன் மட்டும் பத்திரமாக இருக்கும்.

அப்பா லோரி ஓட்டுநர். அம்மா தொழிற்சாலையில் வேலை செய்கிறார். எனக்குப் பின்னால் இரண்டு தம்பிகள். இதற்கு மேல் என் நிலையை விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். இந்த ஆண்டிதழை வாசிக்கும் பலருடைய வீடும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

அந்தத் தேர்வுக்கு நான் எப்படித் தயாரானேன் என்பதைத்தான் இங்கே எழுத வந்தேன். ஆனால், அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு தவற்றைச் சொல்லியாக வேண்டும். இதுவரை வீட்டில்கூட நான் சொல்லாத தவறு அது.

நான் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். ஆறு ஆண்டுகள் அறிவியலையும் கணிதத்தையும் தமிழில்தான் படித்தேன். இதயம், நுரையீரல், சிறுநீரகம் என்று படம் வரைந்து பாகங்களைக் குறித்த காலம் அது. பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. அங்கே இதயம் ‘ஜந்தோங்’ ஆனது. நுரையீரல் ‘பாரு பாரு’ ஆனது. முதலாம் படிவத்தின் முதல் மூன்று மாதங்கள் ஆசிரியர் கேள்வி கேட்டால் நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். விடை தெரியும், சொல் தெரியாது. எப்படியோ ஐந்தாண்டுகளில் தேறிவிட்டேன். பல்கலைக்கழகத்திற்கு வந்ததும் எல்லாம் ஆங்கிலமாயிற்று. ஜந்தோங் ‘ஹார்ட்’ ஆனது.

ஒவ்வொரு முறையும் புதிய மொழிக்குப் போகும்போது பழையதை அந்த வாசலிலேயே விட்டுவிட்டுப் போவது எனக்குப் பழகிப்போனது. அதுதான் முன்னேற்றம் என்றும் நினைத்திருந்தேன். இரண்டாம் ஆண்டோடு நம் மொழிக் கழகக் கூட்டங்களுக்கு வருவதையும் நிறுத்திக்கொண்டேன். ‘படிக்கிறது ஆங்கிலத்தில், தமிழுக்கு நேரம் எங்கே?’ என்று கேட்ட தோழியிடம் பெரிய மனுஷி போல் சொன்னதும் நினைவிருக்கிறது.

மூன்றாம் ஆண்டில் ஒரு மருத்துவமனையின் பொது மருத்துவ வார்டில் பயிற்சிக்குப் போனோம். காலை ஏழு மணி முதல் மதியம் இரண்டு மணி வரை வேலை. அந்த வார்டில் காலில் ஆறாத புண்ணோடு ஒரு தமிழ் மூதாட்டி இருந்தார். நீண்ட நாள் இனிப்பு நீர் நோயாளி. அன்று காலை ஷிப்டில் தமிழ் பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஊர், பேர், அப்பா என்ன வேலை என்று எல்லாவற்றையும் விசாரித்துவிட்டார்.

காலையில் அவருக்கு இன்சுலின் போட்டார்கள். கஞ்சி வந்தது. இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை என்று மூடி வைத்துவிட்டார். அந்தக் கிண்ணத்தை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் பக்கத்துக் கட்டிலின் போர்வையை மாற்றினேன்.

ஒன்பது மணியிருக்கும். “மிஸ்ஸி, படபடன்னு வருது” என்று மெதுவாகச் சொன்னார்.

அன்று அவருடைய காலை மருத்துவர்கள் வந்து பார்ப்பதாக இருந்தது. விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்ற பேச்சும் இருந்தது. அதை நினைத்துப் பயப்படுகிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். “ஒன்னும் ஆகாது பாட்டி, பயப்படாதீங்க” என்று கையைத் தட்டிக்கொடுத்தேன். இன்னொரு நோயாளிக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்த மலாய்த் தாதி, திரும்பிப் பார்த்து என்னவென்று கேட்டார். “டியா தாகுட்” என்றேன். பயப்படுகிறார் என்று பொருள். அவர் தலையசைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

பத்து நிமிடம் கழித்து அந்தத் தாதி இந்தப் பக்கம் வந்தார். போகிற போக்கில் மூதாட்டியின் நெற்றியில் கை வைத்தார். உடனே நின்றுவிட்டார். நெற்றி சில்லென்று வியர்வையில் நனைந்திருந்தது. கூப்பிட்டால் பதில் குழறலாக வந்தது. விரல் நுனியில் குத்தி இரத்தச் சர்க்கரையைப் பார்த்தார்கள். 2.8. நான்குக்குக் கீழே போனாலே ஆபத்து என்பது முதலாம் ஆண்டுப் பாடம். நல்லவேளை, விழுங்கும் நிலையில் இருந்தார். குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார்கள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடியும் பார்த்தபோது 4.6க்கு ஏறியிருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, “அப்பவே சொன்னேனே மிஸ்ஸி” என்றார். அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. வெறும் தகவலைப் போலத்தான் சொன்னார்.

சர்க்கரை இறங்கினால் என்னென்ன அறிகுறிகள் தோன்றும் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஆங்கிலத்தில் சொல்லியிருப்பேன். நடுக்கம், வியர்வை, நெஞ்சுத் துடிப்பு, பசி, குழப்பம் என்று வரிசை பிசகாமல் ஒப்பித்திருப்பேன். அந்த மூதாட்டி அதே பட்டியலைத்தான் ஒரே சொல்லில் சொன்னார். என் தாய்மொழியில் சொன்னார். எனக்குத்தான் புரியவில்லை.

வேலை முடியும் நேரத்தில் அந்தத் தாதி என்னைத் தனியே கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. “அவருடைய மொழி உனக்குத் தெரியும். அதனால்தான் நீ சொன்னதை நம்பி நான் உடனே வரவில்லை” என்று மலாயில் சொன்னார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் இரண்டு நாளில் மறந்திருப்பேன்.

மறக்கவில்லை. ஆனால், மறைத்துவிட்டேன். நான்காம் ஆண்டு வந்தது. தேர்வுக்கு முன் எங்கள் துறை ஒரு மாதிரித் தேர்வை வைத்தது. தேர்ச்சி பெற ஐம்பது புள்ளிகள் வேண்டும். எனக்கு 46.

அந்த எண்ணை நம்ப முடியவில்லை. நான் படிக்காதவள் இல்லை. விடுதி நூலகத்தில் இரவு ஒரு மணிவரை மைலோ குடித்துக்கொண்டே படித்தவள். ஒளிநகல் கடையில் கிடைத்த பழைய பயிற்சிக் கேள்விகள் அத்தனையையும் வாங்கி, மஞ்சள் பேனாவால் கோடு போட்டுப் போட்டுத் தாளே மஞ்சளாகிவிட்டது. கணக்குக் கேள்விகளில் நான் தவறவே இல்லை. 500 மில்லிலிட்டர் திரவத்தை நான்கு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு என்றால், நிமிடத்திற்கு எத்தனை சொட்டு? பத்தாயிரத்தை 240ஆல் வகுத்தால் ஏறத்தாழ 42. இதெல்லாம் விரல் நுனியில் இருந்தது. நோயாளியின் சுயநினைவை அளக்கும் கிளாஸ்கோ அளவையில் மிகக் குறைந்த புள்ளி மூன்று, மிக அதிகம் பதினைந்து என்பதும் தெரியும்.

தவறிய கேள்விகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். பெரும்பாலானவை ஒரே வகை. ஒரு நோயாளியின் நிலையைச் சொல்லி, ‘தாதி முதலில் செய்ய வேண்டியது என்ன?’ என்று கேட்கும் கேள்விகள். நான்கு விடைகளும் சரியானவையாகவே தோன்றும். நான்கையும் தாதி செய்யத்தான் வேண்டும். ஆனால், எது முதலில்? மூச்சுப்பாதை, சுவாசம், இரத்த ஓட்டம் என்ற வரிசையை மனப்பாடம் செய்திருந்தேன். இருந்தும், அந்த நாலு வரிக் கேள்விக்குள் எந்த இடத்தில் ஆபத்து ஒளிந்திருக்கிறது என்பது என் கண்ணில் படவில்லை. பல கேள்விகளில் ‘நோயாளிக்கு ஆறுதல் கூறுவேன்’ என்ற விடையையே தேர்ந்தெடுத்திருந்தேன். அதைக் கண்டபோது அந்த வார்டும், மூடி வைத்த கஞ்சிக் கிண்ணமும் நினைவுக்கு வந்தன.

விரிவுரையாளரைப் போய்ப் பார்த்தேன். என் தாளைப் புரட்டியவர், இதயம் பலவீனமான நோயாளிக்குக் கால் ஏன் வீங்குகிறது என்று கேட்டார். நான் புத்தகத்தில் இருந்தபடியே சொன்னேன். “சரி, இப்போது அந்தச் சொற்கள் ஒன்றுகூட இல்லாமல் சொல்” என்றார். நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. “வீட்டில் யாரோடு அதிகம் பேசுவாய்?” என்று கேட்டார். “பாட்டியோடு” என்றேன். “அவருக்குப் புரியும்படி சொல்லிப் பார். அவருக்குப் புரிந்தால் உனக்குப் புரிந்திருக்கிறது என்று அர்த்தம்” என்றார்.

அந்த வார இறுதியில் இ.டி.எஸ். ரயிலேறி வீட்டுக்குப் போனேன். மாதிரித் தேர்வில் தவறியதை அம்மாவிடம் சொல்லவில்லை. பாட்டியிடம் மட்டும், “உங்களுக்குப் பாடம் நடத்தப் போறேன்” என்றேன். பாட்டிக்குப் பெருமை தாங்கவில்லை. முகம் கழுவித் திருநீறு பூசிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஐந்தடியில் வந்து உட்கார்ந்தார்.

பாட்டி முப்பது வருடத்திற்கு மேல் பால்மரம் வெட்டியவர். விடியுமுன்னே பெரட்டுக்குப் போனவர். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸர் கொடுத்த வெள்ளை மாத்திரையும் சிவப்புத் தண்ணீரும்தான் அவர் கண்ட மருத்துவம். அவரிடம் இதயத்தைப் பற்றித் தமிழில் சொல்ல ஆரம்பித்தபோது என் நாக்கு புரளவில்லை. ஆறாம் ஆண்டோடு நின்றுபோன தமிழ் அது. இதயம் இரத்தத்தைத் தள்ளுகிறது, அது பலவீனமானால் சரியாகத் தள்ள முடியாது, இரத்தம் பின்னால் தேங்குகிறது, நாளங்களில் அழுத்தம் கூடி நீர் வெளியே கசிகிறது என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன்.

பாட்டி கொஞ்ச நேரம் யோசித்தார். “மோட்டாரு வீக்கா இருந்தா மேல ஏறாம கீழயே தண்ணி கட்டிக்கும். அதானே?” என்றார். அதேதான். “அப்ப ராத்திரி படுத்தா மூச்சு வாங்குதுன்னு பக்கத்து வீட்டுத் தாத்தா ரெண்டு மூனு தலகாணி வச்சிக்கிறாரே, அதுவும் இந்தத் தண்ணிதானா?” என்று அடுத்த கேள்வி வந்தது. நான் அசந்துவிட்டேன். படுத்தால் மூச்சுத் திணறுவதற்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர் ஒன்று இருக்கிறது. எத்தனை தலையணை என்று நோயாளியிடம் கேட்கச் சொல்லிப் பாடத்திலும் இருக்கிறது. அதைப் பாட்டி பக்கத்து வீட்டிலிருந்தே எடுத்துத் தந்துவிட்டார்.

மறுநாள் இனிப்பு நீர் பாடம். அது அவருக்கும் உள்ள நோய். சர்க்கரை ஏறினால் என்ன ஆகும் என்று சொல்லிவிட்டு, இறங்கினால் என்ன ஆகும் என்று கேட்டேன். “தெரியுமே! படபடன்னு வரும்” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “பயத்துல வர்ற மாதிரியா பாட்டி?” என்றேன்.

“பயத்துல வர்றது நெஞ்சுல வரும், பாப்பா. நீ சின்னப் புள்ளையில பரீட்சைக்குப் போறப்ப சொல்லுவியே, அது. இது கைகால்ல வரும். வெடவெடன்னு ஆடும். வேர்த்துக் கொட்டும், கண்ணு இருட்டும். ஒரு மிட்டாய வாயில போட்டா அடங்கிரும்.”

ஒரு சொல்லுக்குள் இரண்டு நோய்நிலைகள். அவற்றைப் பிரித்தறிய எங்கே வருகிறது, வியர்க்கிறதா, சாப்பிட்டாயா என்ற மூன்று கேள்விகள் போதும். வார்டில் இருந்த அந்த மூதாட்டியிடம் நான் கேட்காமல் விட்ட மூன்று கேள்விகள். அவற்றின் விடை இத்தனை காலமும் எங்கள் வீட்டு ஐந்தடியிலேயே உட்கார்ந்திருந்தது.

அதோடு முடியவில்லை. “உங்களுக்கு அப்படி எப்ப வரும் பாட்டி?” என்று கேட்டேன். “கிளினிக்குக்கு இரத்தம் எடுக்கப் போற அன்னைக்கு மட்டும்தான். சாப்பிடாம வரச் சொல்லியிருக்காங்கல்ல” என்றார். “மாத்திர?” “அத விடுவேனா? காலையில அஞ்சு மணிக்கே போட்டுக்கிட்டுத்தான் போவேன்.”

அவர் சாப்பிடுவது சர்க்கரையை இறக்கும் மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு பேருந்தேறி, எண் வாங்கிக் காத்திருந்து, பத்து மணிக்குப் பிறகுதான் ஏதாவது சாப்பிடுகிறார். சாப்பிடாமல் வரவேண்டும் என்று மலாயில் சொன்னது அவருக்குப் புரிந்திருக்கிறது. மாத்திரையையும் இரத்தம் எடுத்த பிறகுதான் போட வேண்டும் என்பது போய்ச் சேரவில்லை. சொன்னவர் சொல்லியிருக்கலாம். கேட்டவர் தலையாட்டியிருக்கலாம். நடுவில் எங்கோ விழுந்துவிட்டது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் தாதியர் படிப்புப் படிக்கும் பேத்தி வீட்டில் இருந்தும், ஒருமுறைகூட அதைக் கேட்டதில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாளே கிளினிக்கைத் தொலைபேசியில் அழைத்துத் தாதியிடம் விவரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, சாமி படத்துக்குக் கீழே ஒட்டினேன்: ‘இரத்தம் எடுக்கும்வரை சாப்பாடும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். எடுத்த பிறகு மாத்திரை, உடனே சாப்பாடு. பையில் மிட்டாய் இருக்கட்டும்.’ பாட்டி எழுத்துக்கூட்டி வாசித்தார். “இத யாரும் சொல்லவே இல்லையே” என்றார். நானும்தான் சொல்லவில்லை.

விடுதிக்குத் திரும்பியதும் ஒரு நீளக் குறிப்பேடு வாங்கினேன். ஒவ்வொரு பக்கத்தையும் மூன்றாகப் பிரித்தேன். முதல் பத்தியில் புத்தகத்தில் உள்ள ஆங்கிலச் சொல். இரண்டாவதில் வார்டில் பேசும் மலாய்ச் சொல். மூன்றாவதில் நம் ஆட்கள் உண்மையில் எப்படிச் சொல்வார்கள் என்பது. முதல் இரண்டும் எளிதாக நிரம்பின. மூன்றாவதுதான் என்னைத் திணறடித்தது. ஏனென்றால், அகராதியில் உள்ள தமிழ் அங்கே உதவாது. ‘மூச்சுத்திணறல்’ என்று எந்த நோயாளியும் சொல்வதில்லை. ‘மேமூச்சு வாங்குது’ என்பார். ‘உணர்விழப்பு’ என்று எழுதலாம். அவர் சொல்வதோ ‘காலு மதமதன்னு இருக்கு’.

தலை சுற்றுவதற்கு மட்டும் ஒரு முழுப் பக்கம் போயிற்று. ‘கிறுகிறுன்னு வருது’ என்றால் சுற்றியிருப்பவை சுழல்கின்றன. ‘கண்ணு இருட்டுது’ என்றால் எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ‘மயக்கமா வருது’ என்றால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். மேலும் கேட்க வேண்டும். நெஞ்சுக்கு இன்னொரு பக்கம். ‘எரியுது’, ‘கரிக்குது’, ‘அடைக்குது’, ‘புடிச்சி அமுக்குது’. ஆங்கிலப் பாடத்தில் நெஞ்சுவலியின் தன்மையைக் கேட்டறிய வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். நம் மக்கள் அந்தத் தன்மையைக் கேட்காமலே சொல்லிவிடுகிறார்கள். நாம்தான் எல்லாவற்றையும் ‘நெஞ்சுவலி’ என்று ஒரே சொல்லாக்கி மருத்துவரிடம் கொடுக்கிறோம். அடைக்குது, அமுக்குது என்றால் அங்கே ஆறுதலுக்கு நேரமில்லை. இதயத்தைத்தான் முதலில் நினைக்க வேண்டும். எரியுது என்றாலும் வெறும் வாயு என்று ஒதுக்கிவிட முடியாது. வயதானவர்களுக்கும் இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும் மாரடைப்பு அப்படியும் வரலாம்.

கடைசிப் பக்கத்தில் ‘ஒரு மாதிரியா இருக்கு’ என்று எழுதி, அதற்கு நேரே எந்தச் சொல்லையும் எழுதாமல் விட்டேன். அதற்கு மொழிபெயர்ப்பு இல்லை. அதைக் கேட்டால் உட்கார வேண்டும். தொட்டுப் பார்க்க வேண்டும். நாடித்துடிப்பு, சுவாசம், அழுத்தம், சர்க்கரை நான்கையும் பார்க்க வேண்டும் என்று மட்டும் எழுதிவைத்தேன்.

இப்படி எழுத எழுத, மாதிரிக் கேள்விகளின் முகமே மாறிவிட்டது. ஆங்கிலத்தில் நாலு வரியில் வரும் ‘68 வயது நோயாளி’ ஒரு தாத்தாவாகவோ பாட்டியாகவோ மாறிப் பேச ஆரம்பித்தார். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று தமிழில் யோசித்தால், எது முதலில் என்பது தெரிந்துவிடுகிறது. எல்லாக் கேள்விக்கும் அப்படி நடந்தது என்று சொல்ல மாட்டேன். குழந்தைப்பேறு, மனநலப் பகுதிகளில் நான் இன்னும் தடுமாறத்தான் செய்தேன். ஆனால், மாதிரித் தேர்வில் தவறிய அந்த வகைக் கேள்விகளை மறுபடியும் செய்தபோது பாதிக்கு மேல் சரியாக வந்தன.

என் கலந்தாய்வுக் குழுவில் இன்னும் மூவர் இருந்தனர். கிளந்தானைச் சேர்ந்த மலாய்த் தோழி குறிப்பேட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். பிறகு, தன் பாட்டி பேசும் கிளந்தான் பேச்சு கோலாலம்பூர் மருத்துவர்களுக்குப் புரிவதில்லை என்றும், தனக்கே சில சொற்கள் தெரியாது என்றும் சொன்னாள். பினாங்கைச் சேர்ந்த சீனத் தோழி ஹொக்கியனில் தொடங்கினாள். சபாவிலிருந்து வந்தவள் தன் அம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டாள். இப்போது அந்தக் குறிப்பேட்டில் ஆறு பத்திகள் இருக்கின்றன. நான்கு பேரும் வீட்டு வாசலில் எதையோ விட்டுவிட்டு வந்தவர்கள்தாம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டில் குறள் ஒப்புவித்தல் போட்டியில் எனக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. ‘மருந்து’ அதிகாரம். பத்துக் குறளையும் ஒரே மூச்சில் ஒப்பித்து ஒரு பென்சில் பெட்டியை வாங்கினேன். அந்த அதிகாரத்தின் கடைசிக் குறளில், மருத்துவம் என்பது நான்கு பகுதிகளைக் கொண்டது என்கிறார் வள்ளுவர். நோயாளி, மருத்துவர், மருந்து. நான்காவதாக, அருகிலிருந்து கவனிப்பவர். பன்னிரண்டு ஆண்டுகளாக அந்தக் குறள் எனக்குத் தெரியும். அந்த நான்காமவர் நான்தான் என்பது இந்த ஆண்டுதான் உறைத்தது. அருகில் இருந்தால் மட்டும் போதாது, அவர் சொல்வது காதில் விழ வேண்டும் என்பதும்தான்.

தேர்வை எழுதிவிட்டேன். அதில் என்ன கேட்டார்கள் என்று இங்கே எழுதுவது முறையாகாது. மண்டபத்தில் குளிரூட்டி அதிகம். என் கை விறைத்துப்போயிருந்தது என்பதை மட்டும் சொல்லலாம். முடிவு இன்னும் வரவில்லை. இந்த இதழ் உங்கள் கைக்குக் கிடைக்கும்போது வந்திருக்கும். தேறியிருந்தால் மகிழ்ச்சி. தவறியிருந்தால் மீண்டும் எழுதுவேன். எதுவானாலும் குறிப்பேடு தொடரும்.

மருத்துவம், மருந்தியல், தாதியர் துறை, சட்டம், கணக்கியல் என்று ஏதேதோ துறைகளில் ஆங்கிலத்தில் படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று மட்டும் சொல்ல விரும்புகிறேன். இது தமிழைக் காப்பாற்றச் சொல்லும் அறிவுரை அல்ல. நீங்கள் படித்த ஒரு பாடத்தை, அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது, வீட்டில் உள்ள மூத்தவர் ஒருவரிடம் தமிழில் சொல்லிப் பாருங்கள். எந்த இடத்தில் நாக்கு நிற்கிறதோ, அந்த இடம் உங்களுக்கு இன்னும் விளங்கவில்லை. அதைத் தேர்வுக்கு முன்னால் தெரிந்துகொள்வது நல்லது. என்னைப்போல் கட்டிலருகே தெரிந்துகொள்ளாதீர்கள்.

தேர்வு முடிந்த அன்று மாலை பாட்டி தொலைபேசியில் அழைத்தார்.

“எப்படி எழுதுன பாப்பா?”

“எழுதியிருக்கேன் பாட்டி. உள்ள போறப்ப படபடன்னு வந்துச்சு.”

“எங்க வந்துச்சு? கைகால்லயா?”

“இல்ல பாட்டி. நெஞ்சுல.”

“காலையில சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்.”

“அப்ப அது பயந்தான். மிட்டாயி வேணாம்” என்றார் பாட்டி.